நாகையிலிருந்து கோடியக்கரைக்கு சைக்கிளில்: மேடில்லாத கடலோரச் சாலைக்கு முழுமையான வழிகாட்டி

நாகப்பட்டினத்தில் தொடங்கி வேளாங்கண்ணி, திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை வரை ஏறத்தாழ 60 கி.மீ. வழியில் மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலங்களின் ஏற்றம் மட்டும்தான். கோடியக்கரைக் காட்டிலேயே உயரமான இடம் எனப்படும் ராமர் பாதமே ஏறத்தாழ 4 மீட்டர்.

"மலை ஏதும் இல்லையே, 120 கி.மீ. போய்வந்துவிடலாம்" என்று புதிதாக வருபவர்கள் கிளம்புவது இதனால்தான். அவர்கள்தான் நண்பகலில் உப்பளத்து வெயிலில் தண்ணீர் தீர்ந்து நிற்கிறார்கள். இந்தக் கரையில் தூரத்தை முடிவு செய்வது காற்று. வழியை முடிவு செய்வது பாலங்கள். நேரத்தை முடிவு செய்வது வெயிலும் அறுவடையும். திட்டமிடுவதும் அதே வரிசையில் இருக்க வேண்டும். சைக்கிளை எடுத்துத் துடைப்பது அதற்கெல்லாம் பிறகு.

1. முதலில் காற்று, அதன் பிறகு தேதி

பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரை கடற்கரை ஏறக்குறைய வடக்குத் தெற்காக நேர்க்கோட்டில் ஓடுகிறது. சாலையும் அப்படியே. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது தெரிந்தால் நாள் முழுக்க அது உங்களை என்ன செய்யும் என்பதும் தெரிந்துவிடும்.

ஜனவரி, பிப்ரவரியில் வாடை. வடகிழக்கிலிருந்து வரும் இந்தக் காற்று தெற்கே போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். மார்ச் முதல் மே வரை பெரும்பாலும் தெற்கிலிருந்து வீசும்; போகும்போது எதிர்க்கும், திரும்பும்போது உதவும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று வலப்பக்கத்தில் இடிக்கும், பிற்பகலில் கடல்காற்று இடப்பக்கத்துக்கு மாறும். இந்த மாதங்களில் எந்தப் பக்கம் போனாலும் காற்றின் உதவி கிடைக்காது.

எவ்வளவு வேறுபாடு? காற்றில்லாதபோது மணிக்கு 26 கி.மீ. வேகம் தரும் அதே மிதி, மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வீசும் எதிர்காற்றில் 18 கி.மீ. அளவுதான் தரும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 35-ஐத் தொடலாம். 60 கி.மீ. தூரத்தை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேருவீர்கள்; திரும்புவதற்கு மூன்று மணி இருபது நிமிடம் ஆகும். போகும்போது வந்த வேகத்தைத் தன் பலம் என்று நம்பி, அதே கணக்கில் திரும்பும் நேரத்தைப் போடுவதுதான் இந்த வழியில் எல்லோரும் செய்யும் முதல் தவறு.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள். போய்வருவதானால், எதிர்காற்றில் தொடங்கிப் பின்காற்றில் முடியும் மாதத்தையோ திசையையோ தேர்ந்தெடுங்கள். வாடைக் காலத்தில் முந்தின நாளே வேதாரண்யத்தில் தங்கி, விடியலில் காற்று அடங்கியிருக்கும்போது வடக்கு நோக்கி வந்து, காற்று எழுந்த பிறகு தெற்கே திரும்பலாம். அல்லது நாகையிலிருந்து ஒருவழியாகப் போய், வண்டியில் திரும்பலாம். முதல்முறை வருபவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒருவழிதான்.

வானிலைச் செயலிகள் சொல்லும் காற்று வேகம் 10 மீட்டர் உயரத்துக்கானது. ஊருக்குள் தரையில் அது வெகுவாகக் குறையும். மரமும் வீடும் இல்லாத வயல்வெளியிலும் உப்பளத்திலும் அந்த அளவுக்குக் குறையாது. மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் எதிர்காற்று என்று காட்டினால் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

2. வயலும் திருவிழாவும்: எந்த நாட்களைத் தவிர்ப்பது

அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் இந்தக் கரைக்குப் புதிதல்ல. கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. நவம்பரில் வழியைத் திட்டமிடவே வேண்டாம்.

வெயிலுக்கும் மழைக்கும் இடையில் உடம்புக்கு இதமானது ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. ஆனால் சம்பா அறுவடையும் அப்போதுதான். நெல் சாலையில் காயும், அறுவடை இயந்திரங்கள் சாலையை அடைத்துக்கொண்டு நகரும், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் முன் லாரிகள் வரிசையில் நிற்கும். இந்த மாதங்களில் வரலாம். முழு வெளிச்சத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அதற்குப் பல நாட்கள் முன்பிருந்தே நடைபயணம் வருபவர்கள் சாலையோரம் முழுக்க இருப்பார்கள். அவர்களுக்கு இடம் விட வேண்டியது நாம்தான். அந்த வாரங்களில் இந்தச் சாலை சைக்கிள் பயிற்சிக்கானதல்ல. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் வேதாரண்யத்திலும் கோடியக்கரையிலும் கடலாட வரும் கூட்டம் மிகுதி. மற்றபடி வார நாள் நல்லது. ஞாயிறன்று வேளாங்கண்ணி வரையிலான சாலையில் விடியற்காலையிலேயே வேன்களும் கார்களும் வேகமாக வரும்.

3. பாலங்களைக் குறித்துவிட்டு வழியை வரையுங்கள்

காவிரிக் கடைமடையில் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலுக்குப் போகின்றன. நீங்கள் போவது வடக்குத் தெற்காக. ஆகவே ஒவ்வொரு ஆற்றையும் வாய்க்காலையும் குறுக்கே கடந்தாக வேண்டும். நாகையில் கடுவையாறு, வேளாங்கண்ணியை ஒட்டி வெள்ளையாறு, அதற்குத் தெற்கே வடிகால்கள் வரிசையாக வரும். போதாததற்கு, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே வேதாரண்யம் கால்வாய் கரைக்கு இணையாக ஓடுகிறது. கால்வாய்க்குக் கிழக்கே ஒரு மீனவ ஊருக்குள் இறங்கிவிட்டால், வந்த பாலத்துக்கே திரும்பி வர வேண்டியிருக்கும்.

வரைபடச் செயலி தரும் குறுக்குவழியை அப்படியே நம்பாதீர்கள். ஆற்றங்கரைச் சாலைகள் இரண்டு கி.மீ. வரை நல்ல தாராக இருந்து, சட்டென்று மண்கரையாக மாறும். செயலியில் இரண்டும் ஒரே கோடுதான். செய்ய வேண்டியது இது: செயற்கைக்கோள் படத்தில் பேருந்து போகும் பாலங்களை முதலில் குறியுங்கள். பிறகு அவற்றை இணைக்கும் சாலையை வரையுங்கள். மதகின் மேல் நடைபாதை தெரிந்தால் அதைப் பாலமாக எண்ண வேண்டாம். சைக்கிளைத் தோளில் தூக்கிப் போக வேண்டியிருக்கலாம்.

மழை பெய்து இரண்டு நாள் ஆகாத மண்கரையில் ரோடு சைக்கிளை இறக்கவே கூடாது. வண்டல் களிமண் டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையே இறுகிவிடும். பத்து மீட்டரில் சக்கரம் நின்றுபோகும். அதைக் குச்சியால் குத்தித்தான் எடுக்க முடியும்.

வழி முடிவானதும் வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் ஹேண்டில்பாரில் மாட்டிய கைப்பேசி சூடேறித் திரையை மங்கலாக்கும், சிலது அணைந்தும்விடும். திருப்பங்களின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைப்பது நல்ல பழக்கம்.

4. தண்ணீரும் நிழலும்

மணிக்கு 750 மில்லி என்று கணக்கிடுங்கள்; ஏப்ரல், மே மாதங்களில் ஒரு லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் நிரப்பும் இடம் வர வேண்டும். வேளாங்கண்ணி, திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு, வேதாரண்யம் ஆகிய நான்கிலும் கடைகள் உண்டு. நான்கிலும் நில்லுங்கள், பாட்டிலில் பாதி இருந்தாலும் நிரப்புங்கள்.

ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், மற்றதில் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை 750 மில்லியில் முழுவதும் கொட்டினால் உப்பு அதிகமாகிக் குமட்டும். முக்கால் பொட்டலம் போதும். கடலோர ஈரக்காற்றில் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், அதோடு உப்பும் போகும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் பிற்பகலில் கெண்டைக்கால் இழுக்கும்.

பின்காற்றில் போகும்போது கூடுதல் கவனம் வேண்டும். காற்றும் நீங்களும் ஒரே திசையில் போவதால் உடம்பில் காற்றுப் படுவது குறைந்து சூடு ஏறுகிறது. வேகம் இருப்பதால் அது உறைப்பதில்லை. தாகம் எடுக்காவிட்டாலும் 15 நிமிடத்துக்கு இரண்டு வாய் குடியுங்கள்.

நிழலைப் பற்றிய பழைய பயணக் குறிப்புகளை நம்ப வேண்டாம். கஜா புயலில் இந்தப் பகுதியின் தென்னையும் மரங்களும் பெருமளவு சாய்ந்தன. சவுக்குத் தோப்புகளும் வெட்டுக்கு வந்தால் ஒரே வாரத்தில் காணாமல் போகும். நிழல் உறுதியாகக் கிடைப்பது ஊர்களிலும் பேருந்து நிழற்குடைகளிலும்தான்.

5. சைக்கிள்: டயரும் வால்வும்

இந்தச் சாலைக்கு 28 அல்லது 32 மி.மீ. டயர் போடுங்கள். 23, 25 மி.மீ. டயர் நல்ல தாரில் ஓடும். ஊர்ச்சாலை ஒட்டுகளிலும் பாலத்தின் இணைப்பு இடைவெளிகளிலும் ட்யூப் ரிம்மில் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். 70 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில் முன்னால் 65, பின்னால் 72 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் தொடங்கலாம். 32 மி.மீ. என்றால் 50, 56 போதும். எடை 10 கிலோ கூடினால் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். "கல்லு மாதிரி" அடிப்பது வேகம் தரும் என்பது தவறு. சொரசொரப்பான சாலையில் சக்கரம் துள்ளி, உழைப்புத்தான் வீணாகும்.

அடுத்தது வால்வு, வெளியூரிலிருந்து வருபவர்களில் பாதிப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். ரோடு சைக்கிளில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. ஊர்ப் பஞ்சர் கடையின் பம்பு பழைய சைக்கிள் வால்வுக்கும் மோட்டார் சைக்கிள் வால்வுக்கும் மட்டுமே பொருந்தும். விரல்நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்று கையில் இருந்தால் அந்தக் கடை உங்களுக்கும் உதவும். ரோடு சைக்கிள் சக்கர அளவான 700 சி ட்யூப் அங்கே கிடைக்காது. தடித்த வால்வுள்ள ட்யூபை வாங்கினாலும், பிரெஸ்டாவுக்காகத் துளையிட்ட ரிம்மில் அது நுழையாது. எனவே மாற்று ட்யூபைக் கொண்டுவருவது கட்டாயம்.

மேடில்லை என்பதால் சிலர் பின்னால் சிறிய பற்சக்கரங்களாகப் போட்டுவருகிறார்கள். எதிர்காற்று என்பது முடிவில்லாத மெல்லிய மேடு. முன்னால் 34 பல், பின்னால் 28 வரை இருந்தால் மூட்டு நோகாமல் காற்றைக் கடக்கலாம்.

6. பையில் இருக்க வேண்டியவை

மாற்று ட்யூப் இரண்டு, ஒட்டுப்போடும் பொருட்கள், டயர் நெம்புகோல் இரண்டு, கை பம்பு, அறுகோணச் சாவிக் கொத்து, செயின் இணைப்புக் கண்ணி ஒன்று, பிரெஸ்டா அடாப்டர், புருவம் திருத்தும் சிறு இடுக்கி, பழைய டயரிலிருந்து வெட்டிய 5 செ.மீ. துண்டு.

இடுக்கி எதற்கு என்றால், இங்கே பஞ்சருக்கு முதல் காரணம் சீமைக்கருவேல முள். டயருக்குள் ஒடிந்து நிற்கும் முனையை நகத்தால் எடுக்க முடியாது. அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் அடுத்த கி.மீ.யிலேயே மறுபடி காற்று இறங்கும். டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் தடவுங்கள், இழை சிக்கும் இடத்தில் முள் இருக்கும். வெறும் விரலால் தடவினால் விரலும் கிழியும். ஒரு முள் கிடைத்ததும் நிறுத்தாதீர்கள். முழுச் சுற்றும் பார்த்துவிட்டு, ஓட்டையாகாத சக்கரத்தையும் பாருங்கள். முள் விறகு ஏற்றிய வண்டி போன வழியில் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில்தான் முள் வாங்கியிருக்கும்.

முன்விளக்கு, பின்விளக்கு, ஹெல்மெட் மூன்றும் பகல் சவாரிக்கும் வேண்டும்.

7. கிளம்பும் நேரமும் மிதிக்கும் விதமும்

கிழக்கு வெளுத்ததும் கிளம்புங்கள். மே மாதத்தில் 5.30, ஜனவரியில் 6.15. அதற்கு முன் வேண்டாம். இருட்டில் சாலையில் கிடக்கும் நெற்குவியல் கண்ணுக்குத் தெரியாது. கோடை மாதங்களில் 9 மணிக்குள் வேதாரண்யம் சேர முடியாது என்றால் வேட்டைக்காரனிருப்போடு திரும்பிவிடுங்கள்.

முதல் 15 கி.மீ. பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகத்தில் போக வேண்டும். மலைச்சாலையில் இறக்கம் வந்தால் கால் ஓயும். இங்கே 60 கி.மீ.யும் ஒரே மிதிதான், ஓய்வு தானாக வராது. தொடக்கத்தில் வீணாக்கிய பலம் பிறகு எங்கும் திரும்பக் கிடைப்பதில்லை.

அதே காரணத்தால் இருக்கை வலியும் கை மரத்துப்போவதும் மலையைவிட இங்கே சீக்கிரம் வரும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பெரிய கியருக்கு மாற்றி, எழுந்து நின்று 20, 30 மிதி மிதியுங்கள். ஹேண்டில்பாரில் கை வைக்கும் இடத்தையும் அப்போதே மாற்றுங்கள்.

எதிர்காற்றில் வேகம் குறைவதைப் பார்த்துப் பெரிய கியருக்குப் போகாதீர்கள். நிமிடத்துக்கு 85 சுற்று அளவில் கால் சுழலும்படி கியரைக் குறைத்து, முழங்கையை மடக்கி உடம்பைத் தாழ்த்துங்கள். வேக எண்ணை மறந்துவிட்டு மூச்சை மட்டும் கவனியுங்கள்.

8. சாலை, பகுதி பகுதியாக

நாகையிலிருந்து வேளாங்கண்ணி, ஏறத்தாழ 11 கி.மீ. வழியின் மிக நெரிசலான பகுதி இதுதான். ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். தாரின் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே ஓட்டுங்கள். விளிம்பை ஒட்டினால், பேருந்து கடக்கும் காற்றில் சக்கரம் மண்ணில் இறங்கும். மண் தாரைவிடத் தாழ்ந்திருப்பதால் திரும்ப ஏற முயலும்போது முன்சக்கரம் வழுக்கி விழுவீர்கள். இறங்கிவிட்டால் மண்ணிலேயே நேராகப் போய் நின்று, சைக்கிளைத் தூக்கி ஏற்றுங்கள்.

வேளாங்கண்ணியிலிருந்து வேட்டைக்காரனிருப்பு, ஏறத்தாழ 15 கி.மீ. ஊருக்குள் நுழையாமல் முகப்பு வளைவருகே காலை உணவை முடித்துவிட்டு நேராகப் போகலாம். இட்லி நான்கு போதும். எண்ணெய்ப் பலகாரம் வெயிலில் வயிற்றைப் புரட்டும். இறால் பண்ணைகளும் வயல்களும் மாறி மாறி வரும் திறந்தவெளி இது. பக்கக்காற்று வீசும் நாட்களில், தோப்பு முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் சைக்கிளை ஓர் அடி தள்ளிவிடும். தோப்பின் முடிவு தெரிந்ததும் பிடியைத் தளர்த்தி, காற்று வரும் பக்கம் சற்றே சாயுங்கள். இறுக்கிப் பிடித்தால்தான் ஹேண்டில்பார் ஆடும்.

வேட்டைக்காரனிருப்பிலிருந்து வேதாரண்யம், ஏறத்தாழ 22 கி.மீ. நாலுவேதபதி, புஷ்பவனம் பக்கத்து மணற்பாங்கான ஊர்கள். தாரின் மேல் மெல்லிய மணல் படிந்திருக்கும், அதுவும் குறிப்பாகத் திருப்பங்களில். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, மணலின் மேல் பிரேக் பிடிக்காமல் நேராக உருண்டு போக விடுங்கள்.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை, ஏறத்தாழ 11 கி.மீ. அகஸ்தியன்பள்ளி தாண்டியதும் இருபுறமும் உப்பளம். நிழல் கிடையாது, வெண்மையான தரையிலிருந்து வெளிச்சம் எதிரொளித்துக் கண்ணைக் கூசவைக்கும். கறுப்புக் கண்ணாடியும் தாடைக்குக் கீழும் தடவிய வெயில் களிம்பும் தேவை. உப்பு லாரி சிந்திய உப்பும் நீரும் சாலையில் கிடந்தால் விலகிப் போங்கள். பிறகு கோடியக்காடு. வெளிமான், புள்ளிமான், மட்டக்குதிரை சாலையைக் கடக்கும் இடம், 20 கி.மீ. வேகத்துக்கு மேல் வேண்டாம், மணி அடித்து விரட்டவும் வேண்டாம். ஹேண்டில்பார் பையில் வாழைப்பழம் தெரிந்தால் குரங்கு அதைத் தேடி உங்கள் மேலேயே ஏறும். காட்டுக்கு முன்பே தின்று முடியுங்கள். முதன்மைச் சாலையை விட்டுக் காட்டுத்தடத்தில் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும்.

9. சாலையில் கிடப்பவை, குறுக்கே வருபவை

காயும் நெல்லின் மேல் ஏறாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு என்பது முதல் காரணம். மெல்லிய டயருக்கு அடியில் நெல் மணிகள் உருண்டு சக்கரத்தை வழுக்கிவிடும் என்பது அடுத்தது. குவியலைச் சுற்றி வைத்த கல்லும் தார்ப்பாய் விளிம்பும் அதைவிட ஆபத்து.

மார்ச், ஏப்ரலில் உளுந்துச் செடியையும் பயற்றஞ்செடியையும் வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று சாலையில் பரப்புவார்கள். காருக்கு அது ஒன்றுமில்லை. சைக்கிளில் கொடி பின்கியர் மாற்றியில் சுற்றி, அதன் கையை ஸ்போக்குக்குள் இழுத்துக் கியர் தாங்கியையே ஒடித்துவிடும். அதோடு அன்றைய சவாரி முடிந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

அறுவடை முடிந்த வயலுக்கு ஓட்டிப் போகும் வாத்துக் கூட்டம் எதிரே வந்தால் நின்றுவிடுங்கள். ஊடே புகுந்தால் கூட்டம் இரண்டாகச் சிதறும். மேய்ப்பவர் அவற்றைச் சேர்க்க வெகுநேரம் அலைய வேண்டும். நாய் துரத்தினால் வேகம் எடுக்காமல் மெதுவாக்கி, அதட்டிக் குரல் கொடுங்கள். விடவில்லை என்றால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்துபோங்கள்.

10. திரும்பும் வழி

ஒருவழிப் பயணம் என்றால் இதைக் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். அகஸ்தியன்பள்ளியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு ரயில் பாதை உண்டு. ரயில்கள் குறைவு என்பதால் நேரத்தையும் சைக்கிள் ஏற்ற முடியுமா என்பதையும் முந்தின நாளே நிலையத்தில் கேளுங்கள். பேருந்தை நம்ப வேண்டாம். மூன்று நான்கு பேர் சேர்ந்து வந்தால் வேதாரண்யத்தில் ஒரு குட்டியானை பேசிக்கொள்வது எளிது. சைக்கிள்களைச் செயின் இல்லாத பக்கமாகச் சாய்த்து, இடையில் சாக்கு வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

11. வீடு வந்ததும் கழுவுதல்

இதை மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். உப்புக்காற்று செயினிலும் போல்ட்டுகளிலும் படிந்து, ஒரே இரவில் துருவைத் தொடங்கிவிடும். ஒரு வாளி நல்ல தண்ணீரைக் குவளையால் மேலிருந்து ஊற்றிக் கழுவுங்கள். வேகமாக அடிக்கும் குழாய் வேண்டாம். அது உப்பையும் மணலையும் பேரிங்குக்குள் தள்ளும்.

பழந்துணியால் துடைத்து, அரைமணி நேரம் நிழலில் காயவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு வீதம் செயின் எண்ணெய் விடுங்கள். பத்து நிமிடம் கழித்து மேலே நிற்கும் எண்ணெயை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சவாரியின் மணல் அதில்தான் ஒட்டும். டிஸ்க் பிரேக் தகட்டில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷூவின் அடியில் பெடலோடு பூட்டும் கிளீட்டின் போல்ட்டுகளையும் கழுவித் துடையுங்கள். எல்லோரும் மறப்பதும் முதலில் துருப்பிடிப்பதும் அவைதான்.

மறுநாள் காலையில் செயினை ஒரு வெள்ளைத் துணியால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். கறுப்பாக ஒட்டினால் அழுக்கு. செம்பழுப்பாக ஒட்டினால் உப்பு இன்னும் போகவில்லை. கழுவுவதை முதலிலிருந்து தொடங்குங்கள்.